தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மீனில் மரபுப் பன்மை குறைந்துவிடாதா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நண்பர் பல வருடமாக ஒரே குஞ்சு பொரிப்பகத்தில் ரோகு குஞ்சு வாங்கி வளர்க்கிறார். வளர்ச்சி வரவரக் குறைகிறது. ஜெயந்தி ரோகு, கிஃப்ட் திலேப்பியா என்று மேம்படுத்திய ரகங்களுக்கு மாறலாமா என்று யோசிக்கிறார். ஆனால் வேகமாக வளரும் மீனை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினால் மரபணு வேறுபாடுகள் எல்லாம் அழிந்து, ஒரு நோய் வந்தால் குளம் முழுக்க மொத்தமாக மிதக்காதா என்று பயம். கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: ஜெயந்தி குஞ்சு வாங்கி வளர்த்து, அதிலிருந்து தானே குஞ்சு எடுத்துக்கொள்ளலாமா?

பயம் நியாயமானதுதான், ஆனால் தப்பான ஆளைச் சந்தேகப்படுகிறீர்கள். மரபுப் பன்மை எங்கே அதிகம் கரைகிறது என்றால், தேர்வுத் திட்டமே இல்லாமல் கணக்கு வழக்கின்றி ஓடும் சாதாரணக் குஞ்சு பொரிப்பகங்களில்தான். நீங்கள் இப்போது வாங்கிக்கொண்டிருப்பதும் அப்படிப்பட்ட குஞ்சாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒழுங்காக நடக்கும் தேர்வுத் திட்டத்தில் பன்மையைக் காப்பாற்றுவதே பாதி வேலை. அது போய்விட்டால் அடுத்த தலைமுறையில் தேர்வு செய்ய எதுவும் மிஞ்சாது.

முதலில் மீனின் இயல்பிலிருந்தே வருவோம். பசு வருடத்துக்கு ஒரு கன்று போடும். பத்துப் பசுவை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்துக்கே கன்று கொடுக்க முடியாது. அதனால் மாட்டில் தாய்வழிப் பன்மை தானாகவே ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ரோகு ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டு, மூன்று லட்சம் முட்டை விடும். இரண்டு கிலோ தாய்மீன் நாலைந்து பிடித்தால் ஒரு பொரிப்பகத்தின் ஒரு வார ஆர்டர் முடிந்துவிடும். நூறு தாய்மீன் வைத்துப் பராமரிக்க தீவனச் செலவு, குளச் செலவு எல்லாம் இருக்கிறது; பத்து போதும் என்றால் யார் நூறு வைப்பார்கள்? வியாபாரத்துக்கு வரமாக இருக்கிற இந்த முட்டைக் கணக்குதான் மரபுக்கு வினை.

இது 1957-க்குப் பிறகு வந்த சங்கதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் வெள்ளம் வரும்போது இனம் பெருக்குபவை. குளத்தில் தானாகச் சினை விடாது. அதற்கு முன்பெல்லாம் வங்காளம், பீகார் பக்கம் மழைக்காலத்தில் ஆற்றில் வலை கட்டிப் பிடித்த குஞ்சுதான் நாடு முழுக்கப் போனது. அதில் வேறு மீன் குஞ்சும் கலந்து வரும், பாதி வழியிலேயே செத்துப் போகும், ஆயிரம் தொல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான ஆற்று மீன்களின் பிள்ளைகள் புதிதாக வந்துகொண்டே இருந்தன. 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு கெண்டையைச் சினை விட வைத்தார்கள். ஜூலை 10-ஐ இன்றும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோமே, அது இதற்காகத்தான். அந்த ஊசி வந்திராவிட்டால் இந்தியாவில் இன்றைய மீன் வளர்ப்பே கிடையாது. அதே ஊசிதான் ஆற்றோடு இருந்த தொடர்பையும் அறுத்தது. தன் குளத்தில் வளர்ந்த மீனிலிருந்தே தாய்மீன் எடுத்து, அதன் பிள்ளையிலிருந்து மறுபடி தாய்மீன் எடுத்து என்று ஒவ்வொரு பண்ணையும் ஒரு மூடிய குடும்பமாகிவிட்டது.

நம்மூருக்கு இன்னொரு படி கூடுதல். இந்த மூன்று மீனும் காவிரிக்குச் சொந்தமானவை கிடையாது, வடக்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. கொண்டுவந்த கூட்டத்தில் எவ்வளவு பன்மை இருந்ததோ அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த முதல்.

இப்போது கணக்குக்கு வருவோம். மரபியலில் குளத்தில் எத்தனை மீன் நீந்துகிறது என்பதற்கு மதிப்பே இல்லை. அடுத்த தலைமுறைக்கு உண்மையில் பெற்றோர் ஆனவை எத்தனை, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதுதான் விஷயம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் செயல் எண்ணிக்கை வரும். 40 பெண், 4 ஆண் என்று வையுங்கள். மொத்தம் 44 மீன். செயல் எண்ணிக்கை வெறும் 14.5. இதுவே 20 பெண், 20 ஆண் என்றால் மொத்தம் 40 மீன்தான், ஆனால் செயல் எண்ணிக்கையும் 40. ஒரு தலைமுறையில் உறவுக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மீன்களே இணை சேர்வது, எவ்வளவு ஏறும் என்பதற்கு, இந்த எண்ணை இரட்டித்து ஒன்றை அதால் வகுக்க வேண்டும். முதல் பண்ணையில் தலைமுறைக்குச் சுமார் 3.4 சதவீதம், இரண்டாவதில் 1.25 சதவீதம். நாலு மீன் குறைவாக வைத்திருப்பவர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பாதுகாப்பாக இருக்கிறார். குறைவாக இருக்கும் பால்தான் மொத்தத்தையும் கீழே இழுக்கும், பெரும்பாலும் அது ஆண்மீனாக இருக்கும்.

நடைமுறையில் இதைவிட மோசம். வட்டத் தொட்டியில் ஊசி போட்ட மீன்களை மொத்தமாக விட்டால் எல்லா ஆணும் சமமாகப் பங்கெடுக்காது. திடமான ஒன்றிரண்டு ஆண்களே பெரும்பாலான முட்டைகளைக் கருவுறச் செய்துவிடும். பதிவேட்டில் பத்து ஆண் என்று இருக்கும், மரபில் மூன்றுதான் இருக்கும். இந்தச் சூத்திரம் எல்லாரும் சமமாகப் பங்கு போட்டார்கள் என்று நம்பிக் கணக்குச் சொல்வது. உண்மை எண் எப்போதும் அதற்குக் கீழேதான்.

அம்பேகர் ஏக்நாத், ரோஜர் டாயில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கர்நாடகத்துக் கெண்டைப் பொரிப்பகங்களை இந்தக் கண்ணோடு போய்ப் பார்த்தார்கள். 1990-ல் வெளிவந்த அவர்களுடைய கணக்கில் பண்ணைகளின் செயல் எண்ணிக்கை 3 முதல் 30 வரைதான் இருந்தது. உறவுக் கலப்பு ஏறும் வேகம் 2-லிருந்து 17 சதவீதம். லட்சக்கணக்கில் குஞ்சு விற்கும் இடத்தில், மரபுக் கணக்குப்படி மூன்றே மூன்று மீன்!

சரி, உறவுக் கலப்பு ஏறினால் என்ன ஆகும்? கெட்டது செய்யக்கூடிய மரபணு வடிவங்கள் எல்லா உயிரிலும் ஒளிந்திருக்கும். தாயிடமிருந்து கெட்டது வந்தாலும் தந்தையிடமிருந்து வந்த நல்லது அதை மறைத்துவிடும். பெற்றோர் இருவரும் நெருங்கிய உறவு என்றால் இரண்டு பக்கமிருந்தும் அதே கெட்டது வந்து சேர வாய்ப்பு அதிகம். மீனில் இதை நேராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹரால்ட் கின்கெய்ட் வானவில் டிரவுட்டில் கூடப்பிறந்தவற்றை ஒரே ஒரு தலைமுறை இணை சேர்த்து 1976-ல் முடிவுகளை வெளியிட்டார். குஞ்சு பிழைப்பது 19 சதவீதம் குறைந்தது. ஒரு வருட வயதில் எடை 23 சதவீதம் குறைந்தது. உடல் கோணிய குஞ்சு 38 சதவீதம் கூடியது. தீவனத்தைச் சதையாக்கும் திறனும் இறங்கியது. நீங்கள் சொல்லும் 'வரவர வளர்ச்சி குறைகிறது' என்பது இதே கதையாக இருக்கலாம். கூன் விழுந்த மீன், செவுள் மூடி அரைகுறையாக இருக்கும் மீன் அறுவடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. வருடா வருடம் கூடுகிறது என்றால் குஞ்சைச் சந்தேகப்படலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் உறவுக் கலப்பின் மேல் போட்டுவிடக் கூடாது. பொரிப்பகங்களில் நடக்கும் இன்னொரு விஷயம் தலைகீழ்த் தேர்வு. நன்றாக வளர்ந்த மீனுக்குச் சந்தையில் நல்ல விலை, அதை விற்றுவிடுகிறார்கள். விற்காமல் மிஞ்சின சோனிகள் குளத்திலேயே கிடந்து அடுத்த வருடம் தாய்மீன் ஆகின்றன. வருடா வருடம் மெதுவாக வளரும் மீனையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதற்குச் சமம் இது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் திட்டமிட்டுச் செய்தது போலவே பலன் வரும். அப்புறம் கலப்படம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் ஒரே தொட்டியில் ஒரே நாளில் ஊசி போட்டால் ஒன்றின் முட்டையும் மற்றதன் விந்தும் கலந்து கலப்பினக் குஞ்சு வரும். அது ரோகு என்ற பெயரில் விலைபோகும். வளர்ந்த பிறகு தலை கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று நாம் யோசிப்போம். அதையே அடுத்தவர் தாய்மீனாக வைத்தால் கேட்கவே வேண்டாம்.

குறுகிய வாசல் வழியாக வந்த மீனுக்கு நம் கண் முன்னே இருக்கும் உதாரணம் ஜிலேபிதான். ஜிலேபி என்று நாம் சொல்லும் மொசாம்பிக் திலேப்பியா ஆப்பிரிக்க மீன். 1939-ல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஒரு கழிமுகத்தில் ஐந்தே ஐந்து மீன் அகப்பட்டன: மூன்று ஆண், இரண்டு பெண். அவை அங்கே எப்படி வந்தன என்று யாருக்கும் தெரியாது. அந்த ஐந்தின் வம்சம்தான் ஜாவாவிலிருந்து ஆசியா முழுக்கவும் பசிபிக் தீவுகளுக்கும் பரவியது என்று கருதப்படுகிறது. 1952-ல் மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டின் ஏரி, குளம், அணை எல்லாம் நிறைந்ததும் இந்தக் கொடிவழியே. மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், செயல் எண்ணிக்கை ஐந்துகூட வராது, 4.8. ஜிலேபி உள்ளங்கை அளவுக்கு மேல் வளராமல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மூன்று நாலு மாதத்திலேயே சினைக்கு வந்து, குளம் கொள்ளாத அளவுக்குக் குஞ்சு போட்டால் எந்த மீனும் குட்டையாகத்தான் நிற்கும். ஆனால் ஆசிய மொசாம்பிக்கில் மரபுப் பன்மை ஆப்பிரிக்க மூலத்தைவிட மிகக் குறைவு என்பது உறுதியான விஷயம்.

நைல் திலேப்பியாவும் ஆசியாவுக்கு இப்படித்தான் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. தாய்லாந்து ரகத்தின் ஆதி, 1965-ல் ஜப்பான் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ மன்னர் பூமிபாலுக்கு அன்பளிப்பாக அனுப்பிய 50 மீன்கள். மன்னர் வீட்டு விஷயமானாலும் மரபியல் சலுகை கொடுக்காது. ஆகவே பிலிப்பைன்ஸில் 1988-ல் நைல் திலேப்பியாவைத் தேர்வால் மேம்படுத்தும் கிஃப்ட் திட்டம் தொடங்கியபோது அவர்கள் செய்த முதல் வேலை, ஆசியப் பண்ணை மீன்களை மட்டும் நம்பாமல் மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போனது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாலு நாட்டு நீர்நிலைகளிலிருந்து காட்டு மீன் பிடித்து வந்தார்கள். பிலிப்பைன்ஸில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இஸ்ரேல், சிங்கப்பூர், தைவான், தாய்லாந்து வழி ரகங்கள் நாலு. ஆக எட்டு. எட்டையும் எட்டோடு எல்லா வகையிலும் இணை சேர்த்து, 64 விதக் குஞ்சுகளைப் பல சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்த முடிவு. பல தலைமுறையாகப் பண்ணையில் பழகிய மீன் காட்டு மீனைவிட நன்றாக வளரும் என்றுதானே யாரும் நினைப்போம்? எகிப்திலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்த காட்டு மீன்கள் ஆசியப் பண்ணை மீன்களுக்குச் சளைக்காமல், பெரும்பாலும் அவற்றை முந்தியே வளர்ந்தன. கானா மீன் மட்டும் பின்தங்கியது. பண்ணையில் இத்தனை வருடம் வளர்த்ததில் மீன் மேம்படவில்லை. குறுகிய தொடக்கமும், கவனிக்காத பெருக்கமும், மொசாம்பிக் கலப்பும் சேர்ந்து அதைக் கீழே இறக்கியிருந்தன. எட்டுக் கூட்டத்தையும் கலந்து உருவாக்கிய அடித்தளத்திலிருந்து தேர்வு தொடங்கினார்கள். முதல் ஐந்து தலைமுறையில் மட்டும் வளர்ச்சி சுமார் 85 சதவீதம் கூடியது. அதற்குப் பிறகும் மலேசியாவில் தேர்வு தொடர்ந்தது, முன்னேற்றமும் நிற்கவில்லை. பன்மை தீர்ந்திருந்தால் நின்றிருக்கும்.

ஜெயந்தியின் பிறப்பும் இதே வழிதான். புவனேஸ்வரம் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம், சுருக்கமாக சிஃபா, 1992-ல் நார்வேயின் ஆக்வாஃபோர்ஸ்க் நிறுவனத்தோடு சேர்ந்து இதைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவும், சிஃபா பண்ணையிலேயே இருந்த ரோகுவும் அடித்தளம். சுதந்திரப் பொன்விழா வருடமான 1997-ல் வெளியிட்டதால் ஜெயந்தி என்று பெயர். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத வளர்ச்சி முன்னேற்றம் என்பது அவர்கள் கணக்கு. மீனில் இது ஆச்சரியமான எண் கிடையாது. ஒழுங்காக நடத்திய மீன் திட்டங்கள் பலவற்றில் தலைமுறைக்கு 10 முதல் 20 சதவீதம் கிடைத்திருக்கிறது.

உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் உங்கள் பயத்துக்குப் பதில் கிடைக்கும். ஒவ்வொரு இணையின் முட்டையையும் தனியாகப் பொரிக்க வைக்கிறார்கள். எது யார் பிள்ளை என்று கலந்துவிடாமல், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் குளத்தில் வளர்கிறது. குஞ்சு பத்துப் பதினைந்து கிராம் வந்ததும் மயக்க மருந்துத் தண்ணீரில் போட்டு, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிப்பை ஊசியால் வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு பேட்டரி கிடையாது. கருவியை மேலே காட்டினால் மீனின் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் தாய் யார், தகப்பன் யார், கூடப்பிறந்தவை எவை என்ற முழு வம்சாவளியும் கணினியில் இருக்கும். எல்லாக் குடும்பத்தையும் அதற்குப் பிறகு ஒரே குளத்தில் கலந்து வளர்த்து, கடைசியில் எடை பார்க்கிறார்கள். ஒரே தண்ணீர், ஒரே தீவனம் என்பதால் வித்தியாசத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடிகிறது.

இப்போது தேர்வு. வெறும் எடையைப் பார்த்து மேலே இருக்கும் நூறு மீனை எடுத்தால் அதில் அறுபது இரண்டு மூன்று நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கும். அங்கேதான் பன்மை தொலையும். அதனால் ஒரு குடும்பத்திலிருந்து இத்தனைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டுகிறார்கள். அண்ணன் தங்கையையோ, ஒன்றுவிட்டவற்றையோ இணை சேர்க்காதபடி கணினி ஜோடி பார்க்கிறது. நம் கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கறாராகக் கோத்திரம் பார்ப்பாரா என்பது சந்தேகம். இந்தக் கட்டுப்பாட்டால் கொஞ்சம் வேகம் குறையும், அது தெரிந்தே கொடுக்கும் விலை. தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்குள் உறவுக் கலப்பை நிறுத்துவது பொதுவான இலக்கு. அதற்குச் செயல் எண்ணிக்கை ஐம்பதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இருந்தாலும் எதுவுமே இழக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பன்மை என்பதற்கு இரண்டு அளவுகோல் உண்டு. ஒன்று, ஒரு மீனுக்குள் தாய்வழியும் தந்தைவழியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. இது மெதுவாகவே குறையும். இன்னொன்று, மொத்தக் கூட்டத்தில் எத்தனை விதமான மரபணு வடிவங்கள் இருக்கின்றன என்பது. அரிதானவை முதலில் போய்விடும். நூற்றில் ஒரு மீனிடம் மட்டும் இருக்கும் வடிவம், அந்த மீன் தேர்வாகாவிட்டால் அன்றோடு சரி. பண்ணைச் சால்மனைக் காட்டுச் சால்மனோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இதுதான் தெரிகிறது: முதல் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டாவதில் பண்ணை மீன் தெளிவாக ஏழை. அறிக்கையில் முதல் அளவை மட்டும் காட்டி 'பன்மை குறையவில்லை' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் உஷாராகப் படியுங்கள்.

அடுத்து நோய். இதில் நார்வேயின் அனுபவம் கனமானது. 1970-களின் தொடக்கத்தில், கால்நடை இனவிருத்தியில் ஊறிய ஹரால்ட் ஷெர்வோல்ட், டிரிக்வே யெட்ரெம் போன்றவர்கள் சுமார் நாற்பது ஆறுகளிலிருந்து முட்டை சேகரித்து அட்லாண்டிக் சால்மன் தேர்வைத் தொடங்கினார்கள். சால்மனுக்குத் தலைமுறை நாலு வருடம் என்பதால், வருடத்துக்கு ஒன்றாக நாலு தனித்தனிக் கூட்டங்கள் உருவாயின. பிற்காலத்தில் ஐபிஎன் என்ற கணைய நோய் வைரஸ் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி சாகவில்லை, சில குடும்பங்கள் பெரும்பாலும் பிழைத்தன. ஏன் என்று தேடியபோது அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பது 2008, 2009 வாக்கில் தெரியவந்தது. அந்த இடத்தில் நல்ல வடிவம் உள்ள மீன்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதும் நோய் சில வருடங்களில் சரசரவென்று இறங்கியது. நாற்பது ஆறுகளின் மீன் உள்ளே இல்லாமல் ஒரே ஆற்று மீனாக இருந்திருந்தால், அந்த நல்ல வடிவம் அங்கே இருந்திருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? நம் சிஃபாவும் ஏரோமோனாஸ் கிருமியைத் தாங்கும் ரோகு வரிசையை இதே குடும்ப முறையில்தான் தேடியது.

ஆனால் நார்வேயின் கதையில் மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கடலில் வலைக்கூண்டு கிழிந்து தப்பும் பண்ணைச் சால்மன் ஆற்றில் ஏறிக் காட்டுச் சால்மனோடு இனம் பெருக்குகிறது. இம்சா ஆற்றில் ஒரு சோதனை செய்தார்கள், 2000-ல் வெளிவந்தது. பண்ணை மீனின் வாழ்நாள் இனப்பெருக்க வெற்றி காட்டு மீனுடையதில் 16 சதவீதம்தான். அதாவது ஆற்றில் அது தோற்கும் மீன். ஆனால் முழுவதும் தோற்காததால் அதன் மரபு காட்டு மீனுக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. ஆராய்ந்த நார்வே ஆறுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கசிவின் தடயம் உண்டு. 1986 முதல் காட்டுச் சால்மன் விந்தை உறைய வைத்து வங்கியில் சேமிக்கிறார்கள் என்றால் கவலை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயந்திக்கும் இது பொருந்தும். கங்கைச் சமவெளியில் வெள்ளத்தில் குளம் உடைந்தால் அது தன் சொந்தக்காரர்களோடு போய்க் கலக்கும். நம் காவிரியில் ரோகுவுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, ஆகவே இங்கே காட்டு ரோகுவுக்குள் மரபு கசியும் பிரச்சினை இல்லை. காவிரியின் சொந்தக் கெண்டைகளோடு தீனிக்குப் போட்டி போடும், அது வேறு விவாதம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். குஞ்சு வாங்கி வளர்த்து விற்பது மட்டும்தான் உங்கள் தொழில் என்றால், குளத்தில் இருப்பவை எல்லாம் அண்ணன் தம்பியாக இருந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை. பலரும் இங்கே குழம்புகிறார்கள். ஒரு மீன் உறவுக் கலப்பால் பாதிக்கப்பட்டதா என்பது அதன் தாயும் தகப்பனும் உறவா என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் நீந்துவது யார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஜோடியின் பிள்ளைகள் என்றால் ஒரு நோய்க்கு எல்லாம் ஒரே மாதிரி ஆளாகும் அபாயம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். சிக்கல் அந்த அண்ணன் தங்கைகளிலிருந்து நீங்கள் குஞ்சு எடுக்கும்போதுதான் தொடங்கும். வாங்கிய ஒரு பொட்டலம் ஜெயந்தி குஞ்சு ஒன்றிரண்டு தாயின் பிள்ளைகளாகவே இருக்கலாம். அதை வளர்த்துத் தாய்மீன் ஆக்கினால், ஐந்து ஆறுகளின் பன்மையை முப்பது வருடம் காப்பாற்றிக் கொண்டுவந்த உழைப்பு ஒரே தலைமுறையில் உங்கள் குளத்தில் முடிந்துபோகும். டிரவுட்டின் 23 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெயந்தியில் ஒரு தலைமுறைத் தேர்வில் கிடைத்த முன்னேற்றத்தைவிட அது அதிகம்.

கிஃப்டில் இந்த யோசனைக்கே இடமில்லை. இந்தியாவில் அதை வளர்க்க அனுமதி வேண்டும், கொடுப்பதும் முழுக்க ஆண் குஞ்சுதான். விஜயவாடா அருகே மணிகொண்டாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அதன் தாய்க்கூட்டத்தைக் குடும்பப் பதிவோடு பராமரிக்கிறது.

உண்மையிலேயே பொரிப்பகம் வைக்கும் எண்ணம் இருந்தால் செய்யலாம், முறையாகச் செய்ய வேண்டும். கௌசல்யாகங்காவில் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் நன்னீர்ச் சினைமீன் வங்கி இருக்கிறது. மேம்படுத்திய ரகங்களைப் பொரிப்பகங்களுக்குக் கொடுப்பதற்கென்றே வைத்தது. அங்கிருந்தோ அங்கீகாரம் பெற்ற பெருக்குப் பண்ணையிலிருந்தோ வாங்கும்போது, பல குடும்பங்களைக் கலந்த குஞ்சு வேண்டும் என்று கேட்டே வாங்குங்கள். ஆணும் பெண்ணும் சரிக்குச் சரியாக, குறைந்தது 25 ஜோடியாவது தாய்க்கூட்டத்தில் இருக்கட்டும். அடுத்த தலைமுறைத் தாய்மீனுக்குக் குஞ்சு ஒதுக்கும்போது ஒரே நாளின் ஒரே தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். பருவம் முழுக்க, ஒவ்வொரு ஜோடியின் பொரிப்பிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில், ஐம்பது ஐம்பதாக எடுத்துச் சேர்த்து வையுங்கள். இது சின்ன வேலை, ஆனால் எல்லா ஜோடிக்கும் சம பங்கு கிடைத்தால் செயல் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து கிடையாது. பல நாள் குஞ்சுகளைக் கலந்துவிட்டுப் பெரியதாகப் பார்த்துப் பொறுக்கவும் கூடாது. நீங்கள் பொறுக்குவது வேகமாக வளரும் குஞ்சை என்று நினைப்பீர்கள், உண்மையில் பத்து நாள் முன்னால் பிறந்த ஒரே தாயின் பிள்ளைகள் கையில் வந்திருக்கும்.

ஏற்கெனவே சோர்ந்துபோன கூட்டத்தை மீட்க இன்னொரு வழியும் உண்டு. உறவுக் கலப்பால் வந்த பாதிப்பு, சம்பந்தமே இல்லாத வேறொரு கூட்டத்து ஆணைக் கொண்டுவந்து சேர்த்தால் பெரும்பாலும் ஒரே தலைமுறையில் மறையும். தொலைவில் இருக்கும் இரண்டு பொரிப்பகங்கள் ஆண்மீனை மாற்றிக்கொண்டாலே போதும். இரண்டுமே ஆதியில் ஒரே பண்ணையிலிருந்து தாய்மீன் வாங்கியவையா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே மாவட்டத்தில் அப்படி இருப்பது சகஜம். கொண்டுவரும் ஆணைத் தனிக் குளத்தில் சில வாரம் வைத்து, மீன்பேன், புண் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு சேருங்கள். லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபுவளப் பணியகம் கெண்டை விந்தை உறைய வைத்துக் கொடுக்கும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. மீனைச் சுமக்காமல் மரபை மட்டும் கொண்டுவர அது வசதி.

இப்போதைக்கு உங்களுக்கு நான் சொல்வது: அடுத்த வருடம் குஞ்சு வாங்கும் முன் அந்தப் பொரிப்பகக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தாய்மீனை எங்கிருந்து, எந்த வருடம் கொண்டுவந்தீர்கள்? ஆண் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? கட்லாவுக்கும் ரோகுவுக்கும் ஒரே தொட்டியில் ஊசி போடுகிறீர்களா? 'எல்லாம் நம்ம குளத்திலேயே எடுத்ததுதான், பத்து வருஷமா இதே மீன்தான்' என்று அவர் பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். ஒரே குளத்தைத் தடுப்பு வலையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பழைய குஞ்சும் மறுபக்கம் ஜெயந்தியும் ஒரே அளவு, ஒரே எண்ணிக்கையில் விட்டு ஆறு மாதம் கழித்து எடை போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. தண்ணீரும் தீவனமும் ஒன்றாக இருக்கும்போதுதான் குறை குஞ்சில் இருக்கிறதா, பராமரிப்பில் இருக்கிறதா என்று தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் குஞ்சை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.